இருபத்திரண்டு மைல் கடல்: எம் குடும்பங்களின் முதற் கப்பற் பயணம்

நூற்றாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தரும்படி மலர்க்குழுவினர் எங்களைக் கேட்டனர். பாடசாலையின் வரலாற்றை எழுத எம்மிலும் தகுதியான ஆசிரியைகள் இருக்கிறார்கள். ஆகவே, தோட்டங்களிலிருந்து இங்கு படிக்க வந்த பிள்ளைகளின் குடும்பங்கள் சபரகமுவ மண்ணுக்கு வந்து சேர்ந்த வழியையும், அவர்களிற் பலர் திரும்பவும் போக நேர்ந்த வழியையும் எழுதுகிறோம் என்று ஒப்புக்கொண்டோம். இரண்டுமே கடல்வழிதான்.

இதற்காகக் காரியாலய அலுமாரியில் கறையான் தின்றது போக எஞ்சியிருந்த பழைய வரவு இடாப்புகளைப் புரட்டினோம். எழுபதுகளின் இடாப்புகளில் நடுத்தவணை ஒன்றில் திடீரென ஒரு பெயரின் மேல் சிவப்பு மையில் கோடு விழுந்திருக்கும். பக்கத்தில் ஒரே சொல்: 'இந்தியா'. சில வகுப்புகளில் ஒரே தவணையில் மூன்று, நான்கு பெயர்களுக்கு இப்படிக் கோடு. அந்த வகுப்புகளில் இருந்தவர்களுக்கு அந்தக் கோடுகளின் பொருள் நன்றாகத் தெரியும். திங்கட்கிழமை காலை பக்கத்து இருக்கை வெறுமையாக இருக்கும். யாரும் கேட்கமாட்டார்கள். "ஊருக்குப் போயிட்டாங்க" என்று யாராவது சொல்லுவார்கள், அவ்வளவுதான்.

அரசாங்கக் கடதாசிகளில் இவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். எங்களுக்கு இந்தச் சொல்லோடு அன்றும் உடன்பாடில்லை, இன்றும் இல்லை. எங்கள் சிநேகிதிகள் இரத்தினபுரி ஆஸ்பத்திரியிலோ லயத்து அறையிலோ பிறந்தவர்கள். அவர்களின் தாய்மாரும் அப்படியே. பலர் அதுவரை கடலையே கண்டதில்லை. பூகோளப் பாடத்தில் பாக்கு நீரிணையை நீலப் பென்சிலால் தீட்டச் சொல்வார்கள். இரண்டு கரைக்கும் நடுவே பென்சில் முனையின் தடிப்புக்குத்தான் இடம் இருக்கும். அந்த நீலக் கோட்டைக் கடந்தது அவர்களுக்குத் திரும்புதல் அல்ல. அவர்கள் வாழ்க்கையின் முதற் கப்பற் பயணம் அதுதான்.

ஆனாலும் அதற்கு முன்னொரு முதற் பயணம் உண்டு. அதைச் சொல்லாமல் இது விளங்காது.

1820களில் கம்பளைப் பகுதியிலே கோப்பிச் செய்கை தொடங்கி, முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் மலைகளில் வேகமாகப் பரவிற்று. இந்த மாகாணத்தில் இறக்குவானைப் பக்கம் பழைய கோப்பி நிலம். அறுவடைக் காலத்துக்கு ஆள் வேண்டும். திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம், திருநெல்வேலி மாவட்டங்களில் வயல்வேலை இல்லாத மாதங்களில் கங்காணிமார் ஆள் சேர்த்தார்கள். போகும் இடம் எதுவாயினும் ஊரில் சொன்னது 'கண்டிச்சீமை' என்பதே. இறக்குவானைக்கு வந்தவரும் 'கண்டிக்குப் போறேன்' என்றுதான் விடைபெற்றார். கண்டி நகரைச் சாகும்வரை காணாத கண்டிக்காரர் எங்கள் குடும்பங்களில் நிறையப் பேர்.

ஊரிலிருந்து கரைவரை நடை. தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் போன்ற துறைகளில் பாய்மரத் தோணிகள் காத்திருக்கும். இன்று கப்பற் பயணம் என்றால் நாம் நினைக்கும் எதுவும் அதில் இல்லை. மீனும் உப்பும் அரிசி மூடையும் ஏற்றிய அதே தோணியில் மனிதரையும் ஏற்றினார்கள். பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். சேதுவின் மணல்திட்டுகளுக்கிடையே பெரிய கப்பல் வரமுடியாது. ஆகவே சின்னத் தோணிகளே அங்கு ராஜா. காற்று ஒத்து வந்தால் பயணம் சீக்கிரம் முடியும். காற்று விழுந்துவிட்டால் தோணி நின்ற இடத்திலே நிற்கும், தண்ணீர்ப் பானை வற்றிக்கொண்டிருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் இந்தக் கடல் எப்படிக் குமுறும் என்பதை மன்னார்ப் பக்கத்துப் பழைய மாணவிகளுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. நெல்வயலையும் கண்மாயையும் தவிர வேறு நீர் அறியாத மக்கள் அதில் ஏறினார்கள். முதற்காலத்தில் வந்தவர் பெரும்பாலும் ஆண்கள். அறுவடை முடிந்ததும் கையிற் கிடைத்ததோடு திரும்பிப் போய்விடுவார்கள்.

மன்னார்க் கரையில் இறங்கிய பிறகுதான் பயணத்தின் கொடிய பகுதி. மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று காட்டுவழியே 'வடக்குப் பாதை' நடை. மலேரியா, வாந்திபேதி, பசி, குடிக்கத் தண்ணீரில்லாமை. விழுந்தவரை வழியிலே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். இறந்தவர் தொகையைப் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் வாதம் நடக்கிறது. ஆயிரக்கணக்கில் என்பதில் வாதமில்லை. இந்தப் பயணத்தைப் பற்றித் தோட்டங்களில் வாய்மொழிப் பாடல்கள் எத்தனையோ உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை அவற்றிற் பலவற்றைத் தேடித் தொகுத்திராவிட்டால் எங்கள் தலைமுறைக்கு அவை கிடைத்திரா. எங்கள் அப்பாயிமார் அவற்றைப் பால் வெட்டும்போதும் கொழுந்து எடுக்கும்போதும் முணுமுணுத்தார்கள். நாங்களோ பாடசாலையில் வேறு பாட்டுகள் படித்துக்கொண்டிருந்தோம்.

1869இல் கோப்பி இலையில் கண்ட நோய் சில வருடங்களில் அந்தச் செய்கையையே அழித்தது. இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கு வருடம் முழுவதும் கை வேண்டும், அதிலும் பெண்களின் கை வேண்டும். அதன்பின் தோணியேறியவை குடும்பங்கள். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சமும் அவர்களைத் தள்ளிவிட்டது. பின்னர் எங்கள் மாகாணத்துக்கே உரிய பயிர் வந்தது: றப்பர். 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்ட கன்றுகளிலிருந்து பெருகி, 1905ஐ ஒட்டிய ஆண்டுகளில் விலை ஏறவும், கேகாலை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை, எஹலியகொடை, இரத்தினபுரி என்று மலையடிவாரமெல்லாம் றப்பர்க் காடாயிற்று. எங்களிற் பலருடைய பாட்டன் பாட்டி வந்தது இந்த அலையில்தான்.

இவர்களில் ஒரு பகுதியினர் வந்தது மன்னார் வழியாக அல்ல. தூத்துக்குடியில் நீராவிக் கப்பல் ஏறி, ஓர் இரவு கழித்துக் கொழும்பில் இறங்கினார்கள். நோய் பரவும் என்ற பயத்தில் அவர்களை இராகமையில் முகாமில் வைத்துச் சோதித்தார்கள். போயர் யுத்தக் கைதிகளை அடைத்து வைத்திருந்த அதே முகாம்! அதன்பின் களனிப் பள்ளத்தாக்குச் சின்ன ரயில். அது 1902இல் அவிசாவளைக்கும், 1912இல் இரத்தினபுரிக்கும் வந்தது. மேற்கே றப்பரை ஏற்றிக்கொண்டு போன பெட்டிகளே கிழக்கே மனிதரை ஏற்றிக்கொண்டு வந்தன.

1900களின் தொடக்கத்தில் புதிதாய் வந்தவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தகரத் துண்டு இருந்தது. தோட்டத்தின் எண் குத்திய இந்தத் 'தகர டிக்கட்'டைக் கயிற்றில் கோத்துக் கழுத்திலோ இடுப்பிலோ கட்டிக்கொள்வார்கள். அதைக் காட்டினால் ரயிலும் கப்பலும் சோறும் கிடைக்கும். இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம். கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, குளிருக்குத் தந்த கம்பளி என்று எல்லாம் சேர்ந்து, தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடன் ஏறியிருக்கும். தோட்டம் மாறவேண்டுமானால் அந்தக் கடன் தொகையை எழுதிய 'துண்டு' வேண்டும். புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். 1921இல் துண்டு முறையை ஒழித்தார்கள். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் வழிச்செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டுவதும் நின்றது. எங்களுள் ஒருத்தியின் குடும்பத்தில் ஒரு தகர டிக்கட் பல காலம் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. எண் தேய்ந்து போயிருந்தது. அதைச் சிறுபிள்ளையாக விளையாட எடுத்து அடி வாங்கியது அவளுக்கு நினைவிருக்கிறது. ஏன் அடி விழுந்தது என்று அப்போது விளங்கவில்லை.

1914ஆம் ஆண்டு இந்தக் கடலின் கதையில் பெரிய திருப்பம். அவ்வருடம் பாம்பன் பாலம் திறந்தது. இந்தப் பக்கம் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு ரயில் போயிற்று. நடுவே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ் என்ற வைஸ்ராய்மாரின் பெயர்தாங்கிய நீராவிக் கப்பல்கள். 22 மைல், இரண்டு மணி நேரம் அளவில். ரயில் துறைமேடைவரை வந்து நிற்கும். இறங்கி நாலடி நடந்தால் கப்பல். தோணிக்காரனும் வடக்குப் பாதையும் ஒரே நாளில் பழங்கதை ஆனார்கள் என்றே சொல்லலாம். கேகாலைப் பக்கத்தார் பொல்கஹவலையில் இறங்குவார்கள். இரத்தினபுரிப் பக்கத்தார் கொழும்புக்குப் போய்ச் சின்ன ரயில் மாறுவார்கள்.

கப்பலுக்கு முன் மண்டபம் முகாம். சபரகமுவைத் தோட்டங்களில் எந்தக் கிழவியைக் கேட்டாலும் கப்பலைவிட மண்டபத்தைத்தான் கூடுதலாக நினைவு வைத்திருந்தாள். உடுப்புகளை வாங்கி ஆவியில் அவித்துக் கொடுத்தார்கள். அம்மை குத்தினார்கள். கொக்கிப் புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். வரிசையில் நிற்கவைத்து எண்ணினார்கள். பெண்களுக்கு இது பெரிய கூச்சம். கடல் பயம் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்தது, மண்டபத்து அவமானம் தீரவில்லை என்பதே நாங்கள் சிறு வயதில் கேட்ட கதைகளின் சாரம்.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். 1914க்குப் பின் ஒரு கால் நூற்றாண்டு இந்தக் கடல் ஒரு பாதையாகவே இருந்தது. தை மாதம் ஊருக்குப் போய்ப் பொங்கல் வைத்துத் திரும்பினார்கள். பெண் எடுக்கப் போனார்கள், குலதெய்வத்துக்கு மொட்டை போடப் போனார்கள். அக்கரை, இக்கரை என்றுதான் பேச்சே தவிர நாடு என்ற பேச்சு இல்லை. 1939 ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடை செய்தது. பின் உலக யுத்தம். பின் சுதந்திரம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எங்கள் தாய் தந்தையரை ஒரு நாட்டுக்கும் உரியவரல்லாதவர் ஆக்கியது. பாதையாக இருந்த கடல் அதற்குப் பிறகு வேலியாயிற்று.

1964 ஒக்டோபர் 30. புதுடில்லியில் பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர் 9,75,000 பேர் என்பது கணக்கு. 5,25,000 பேருக்கு இந்தியா, 3,00,000 பேருக்கு இலங்கை. மிச்சம் 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதாக விட்டு, 1974இல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். இப்படிப் பிரிக்கப்பட்ட மக்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு குடும்பம் தன்னோடு கொண்டுபோகக் கூடிய சொத்தின் உச்ச வரம்பை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைப்பதில்லை என்றும் அதில் ஒரு வாசகம் இருந்தது. சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் அதற்குள் அடக்கம்.

ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் ஆகவில்லை, அந்த டிசம்பர் 22ஆம் திகதி இரவு வந்த சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த ரயிலைக் கடல் விழுங்கியது. எங்கள் பாட்டன்மார் கப்பலேறிய துறைமேடையும் ஊரும் போயின. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. எழுபதுகளில் எங்கள் தோட்டங்களில் எல்லார் வாயிலும் இருந்த பெயர் 'இராமானுஜம்'. அந்தக் கப்பலை எங்கள் வீடுகளில் ஏதோ சொந்தக்காரன் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார்கள். இராமானுஜம் எப்ப போகுது, இராமானுஜத்துல இடம் கிடைச்சிருச்சா?

எங்களோடு படித்த ஒருத்தியின் பயணத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம். பெயரைப் போடவேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள். எஹலியகொடைப் பக்கத்து றப்பர்த் தோட்டம். அப்பா பால் வெட்டுகிறவர். அந்தத் தோட்டத்திலிருந்து பட்டணத்துப் பாடசாலைக்கு வந்த முதற் பெண்பிள்ளை அவள். அதிகாலை லயத்தில் அடுப்பு மூட்டிவிட்டு, இரண்டு மைல் நடந்து பஸ் பிடித்து வருவாள். கணக்கில் எங்கள் எல்லாரையும் மிஞ்சினவள். சாதாரண தரப் பரீட்சைக்குச் சில மாதம் இருக்கையில் வீட்டுக்குக் கடிதம் வந்தது, குடும்பம் புறப்பட வேண்டும் என்று. பரீட்சை முடியும்வரை அவளை மட்டும் விட்டுவைக்க முடியுமா என்று ஆசிரியை ஒருவர் தோட்டத்துக்கே போய்க் கேட்டார். குடும்பமாகத்தான் போகவேண்டும், ஒருத்தரை விட்டால் பிறகு தனியாக எப்படி அனுப்புவது என்று அப்பா அழுதிருக்கிறார். அவரிலும் பிழையில்லை.

அவள் கொண்டுபோனவற்றைப் பட்டியலாக எழுதி அனுப்பியிருக்கிறாள். ஒரு தகரப் பெட்டி, இரண்டு பாய், தேயிலைத் தூள், சவர்க்காரம், அப்பாவின் பால் வெட்டுக் கத்தி, எங்கள் ஆட்டோகிராப் கொப்பி, பாடசாலை விடுகைப் பத்திரம். அம்மியை விட்டுவிட்டுப் போனதற்கு அம்மாயி பல வருடம் புலம்பினாளாம். வளர்த்த நாய் லொறிக்குப் பின்னால் பிரதான வீதிவரை ஓடி வந்ததாம். கொழும்பிலிருந்து இரவு ரயில். மலைநாட்டுத் தோட்டத்தார் ஏறிய பெட்டிகளில் இரவெல்லாம் அழுகை. அந்த ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வந்தது சும்மா அல்ல.

விடியும்போது தலைமன்னார். முதன்முதலாகக் கடல். மலைப்பிள்ளைக்கு அடிவானம் என்ற ஒன்று இருப்பதே அன்றுதான் தெரிந்தது. எங்கு பார்த்தாலும் மலை மறைக்காத வெளியைப் பார்க்கத் தலை சுற்றியது என்கிறாள். வெய்யிலில் நெடுநேரம் வரிசை. பெட்டிகளைக் கொட்டிச் சோதித்தார்கள். தாயின் காதிலிருந்த தோட்டைப் பற்றி ஏதோ வாக்குவாதம். கடைசியில் விட்டுவிட்டார்கள். கப்பல் அசையத் தொடங்கியபோது ஆண்களும் பெண்களும் கம்பியைப் பிடித்துக்கொண்டு இலங்கைக் கரையையே பார்த்து நின்றார்களாம். அக்கரைப் பக்கம் எவரும் திரும்பவில்லை. வயதான அம்மாயி மட்டும் கீழே பாயில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் மண்டபம் வழியாக வந்தவள் அவள். அந்தக் கப்பலில் உண்மையாகவே திரும்பிப் போனவள் அவள் ஒருத்திதான் என்று எங்கள் சிநேகிதி எழுதுகிறாள்.

இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களை எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? மண்டபம் முகாமுக்கு. அம்மாயிக்கு அம்மை குத்திய அதே மண்டபம், அப்போது வந்தவர்களைப் பதிந்து பிரித்து அனுப்பும் இடம். அங்கிருந்து நீலகிரித் தேயிலைக்குச் சிலர், நூல் ஆலைகளுக்குச் சிலர், கடன் பணம் பெற்று வியாபாரத்துக்கு என்று பலர். றப்பர் தெரிந்த குடும்பங்களைக் கேரளத்தில் புனலூருக்கும் கர்நாடகத்தில் சுள்ளியாவுக்கும் அனுப்பினார்கள். அவர்களுக்கென்றே அரசாங்கம் அங்கு றப்பர்த் தோட்டங்களை உண்டாக்கியிருந்தது. எங்கள் சிநேகிதிக்குக் கிடைத்தது புனலூர். அவளை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கப் பாடசாலை ஒன்று மறுத்தது. மொழியும் பாடத்திட்டமும் வேறு. விடுகைப் பத்திரம் பெட்டியிலேயே கிடந்தது. அடுத்த வருடம் அப்பாவின் பக்கத்து வரிசையில் அவளும் பால் வெட்டினாள். கத்தி அதே கத்தி, மரம் அதே மரம், தை மாசி மாதத்தில் இலை உதிர்வதும் அப்படியே. எஹலியகொடை என்று நினைத்துக்கொண்டே வெட்டுவேன், யாராவது மலையாளத்தில் கூப்பிட்டால்தான் எங்கே இருக்கிறேன் என்று தெரியும் என்று எழுதியிருக்கிறாள்.

போகத் தயங்கியவர்களையும் காலம் தள்ளியது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. சிலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு யோசித்தவர்கள் பெட்டி கட்டினார்கள். 1984இல் யுத்தத்தால் கப்பல் நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டு கையில் இருந்தும் போகமுடியாமல் பல்லாயிரம் பேர் தோட்டங்களிலே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கும் நாடற்றிருந்த மற்றவர்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் சங்கத்தின் இன்றைய உறுப்பினர்களில் அப்படித் தப்பித்தவறி நின்றுவிட்ட வீட்டுப் பிள்ளைகள் பலர். போயிருந்தால் நான் இந்தப் பாடசாலையையே கண்டிருக்கமாட்டேன் என்று ஒருத்தி சொன்னபோது, அதற்குச் சந்தோஷப்படுவதா கூடாதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. போனவளின் இருக்கை ஞாபகத்துக்கு வந்தது.

2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. தலைமன்னார்ப் பாதை இன்னும் திறக்கவில்லை. எங்கள் சிநேகிதி நூற்றாண்டு விழாவுக்கு வரப்போகிறாள், விமானத்தில். கப்பல் இருந்தால் கப்பலில்தான் வருவேன் என்றாள். விடுகைப் பத்திரத்தையும் கொண்டு வருகிறாளாம்.

இடாப்புகளில் சிவப்புக் கோடு விழுந்த பெயர்களையெல்லாம் எடுத்து எழுதி வைத்திருக்கிறோம். சிலருடைய விலாசம் கிடைத்திருக்கிறது: கூடலூர், கோத்தகிரி, திருச்சி, புனலூர். பெரும்பாலானோரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. மணம் முடித்துப் பெயர் மாறியிருக்கும். இம்மலர் உங்களில் எவர் கைக்காவது எட்டி, இராமானுஜத்தில் போன ஒருத்தியை நீங்கள் அறிந்திருந்தால், அல்லது அவளே நீங்களாயிருந்தால், சங்கத்தின் செயலாளருக்கு ஒரு வரி எழுதுங்கள். எந்த ஆண்டு, எந்த வகுப்பு, எந்தத் தோட்டம் என்று மட்டும் குறிப்பிட்டால் போதும். இடாப்பில் உங்கள் பெயரை நாங்கள் தேடிக்கொள்கிறோம்.